பேப்பரா, ரூபாய் நோட்டா? வித்தை காட்டப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மேஜிக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் சீட்டுக்கட்டில் ஆரம்பிக்க முடிவதில்லை. வீட்டில் சீட்டைப் பார்த்தாலே "இது எதுக்கு இங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். புறாவுக்கும் முயலுக்கும் வழியில்லை. மிச்சம் இருப்பது எல்லா வீட்டிலும் கிடக்கும் பேப்பரும், சட்டைப்பையில் இருக்கும் ரூபாய் நோட்டும்தான். இரண்டில் எது என்பதில்தான் குழப்பம்.

எதைக் காட்டலாம் என்று என்னிடம் கேட்டவர்கள் மூன்று விதம். குடியாத்தம் பக்கம் ஓர் ஆசிரியை, பள்ளி ஆண்டு விழாவுக்கு. காட்பாடியில் தங்கிப் படிக்கும் மாணவர், நண்பனின் அண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்கு. ஆற்காட்டில் மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் ஒருவர், பிள்ளைகளுக்காக. மூவருக்கும் ஒரே பதில் சொன்னால் இரண்டு பேருக்காவது தப்பாகப் போகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி தூரம். கடைசி வரிசையில் இருப்பவர் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்? இதைக் கேட்காமல் வித்தையைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, பொருள் யாருடையது. உங்கள் பையிலிருந்து எடுத்தால் "அதுல ஏதோ செட்டப்" என்பார்கள். பார்வையாளரிடமிருந்து வாங்கினால் அந்தப் பேச்சே எழாது.

மூன்றாவது, ஒரு தடவை காட்ட ஆகும் செலவு. பொருளின் விலையோடு தயாரிக்கும் நேரம், ஒத்திகையில் வீணாவது, நிகழ்ச்சி முடிந்து கூட்டிப் பெருக்குவது எல்லாம் இதில் சேரும்.

நான்காவது வெயிலும் காற்றும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியர்த்த விரல், மண்டபத்து ஸ்டாண்ட் ஃபேன் இரண்டும் புத்தகத்தில் வராத எதிரிகள்.

கடைசியாக, சொதப்பினால் என்ன ஆகும்? பேப்பரில் சொதப்பினால் சிரிப்பார்கள். அடுத்தவர் நோட்டில் சொதப்பினால் சிரிக்க மாட்டார்கள்.

## நியூஸ்பேப்பர்

மேடைக்கு இதை அடிக்க ஆளில்லை. விரித்தால் ஒரு ஆள் அகலம் வரும், கிழிக்கும் சத்தம் மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் கேட்கும், கையில் இருப்பது என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

கிழித்த பேப்பரை முழுதாக்குவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதன் செலவு வெளியில் தெரியாது. ஒவ்வொரு தடவைக்கும் அன்றைய பேப்பர் இரண்டு பிரதி வேண்டும், நிகழ்ச்சிக்கு முன்னால் உட்கார்ந்து மடித்து ஒட்டும் வேலையும் உண்டு. பழைய பேப்பரில் காட்டினால் வித்தை பாதி செத்துவிடும். முன்வரிசைக்காரர் தேதியைப் படித்துப் பார்த்தால்தான் அது ஜோடனை இல்லை என்று நம்புவார். ஒத்திகைக்கு மட்டும் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

கிழிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய அளவுப் பேப்பர் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். அச்சு எந்திரத்தில் சுருள் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கிடப்பதுதான் காரணம். முதல் கிழியலை மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டால் துண்டுகள் சீராக அடுக்கி வரும், பின்னால் ஒளிந்திருப்பது எட்டிப் பார்க்காது.

எந்தப் பக்கத்தைக் கிழிக்கிறீர்கள் என்று பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. சாமி படம், தலைவர் படம், கண்ணீர் அஞ்சலி விளம்பரம், இந்த மூன்றில் எது இருக்கும் பக்கமும் வேண்டவே வேண்டாம். அஞ்சலி விளம்பரத்தில் இருப்பவரின் சொந்தக்காரர் மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். வணிகப் பக்கமோ விளையாட்டுப் பக்கமோ பத்திரம். மை விரலில் ஒட்டும், விரலிலிருந்து வெள்ளை வேட்டிக்குப் போகும். ஈரத்துணி ஒன்றை மேசைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

ரகசியத்தை எதுவரை சொல்லலாம் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. குழந்தைகளுக்கான மேஜிக் பெட்டியிலேயே இருப்பதைச் சொல்வேன், ஒருவர் பிழைப்புக்கு வைத்திருப்பதைச் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கில் சொல்லக்கூடிய இரண்டு.

ஒன்று, வெட்ட வெட்ட ஒட்டிக்கொள்ளும் பேப்பர் பட்டை. பட்டையின் நடுப்பகுதியில் பஞ்சர் கடை ரப்பர் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, மேலே முகப் பவுடர் தூவ வேண்டும். பூசிய பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, மடிப்பைக் கத்தரியால் வெட்டினால், வெட்டிய விளிம்பில் இருக்கும் பசை இரண்டு துண்டையும் பிடித்துக்கொள்ளும். விரித்தால் முழுப் பட்டை. சித்திரை, வைகாசியில் பவுடர் தாராளமாகப் போடுங்கள். சூட்டில் ரப்பர் இளகி, வெட்டும் முன்பே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று கணக்கு ஆசிரியர்களுக்கு. நீளப் பட்டையின் ஒரு முனையை அரைத் திருப்பு திருப்பி மறுமுனையோடு ஒட்டி, நடுவில் நீளவாக்கில் வெட்டிக்கொண்டே போனால், இரண்டு வளையம் வர வேண்டிய இடத்தில் ஒரே பெரிய வளையம் வரும். முழுத் திருப்பு திருப்பி ஒட்டியிருந்தால் ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையம். 1858-இல் மோபியஸ், லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தனித்தனியாக ஆராய்ந்த வடிவம் இது. இதில் ரகசியமே இல்லை, கணிதம்தான் வேலை செய்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தால் உங்களுக்கு நஷ்டமும் இல்லை.

வேலூரில் காட்டுவதற்கென்றே ஒன்று இருக்கிறது. மடித்த பேப்பருக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி, பேப்பரை விரித்துக் காட்டினால் ஒரு சொட்டு இருக்காது. பேப்பருக்கு நடுவில் ஒட்டியிருக்கும் பாலிதீன் உறைதான் சங்கதி, அது இருக்கட்டும். பேச்சு முக்கியம். "தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை" என்று நம் ஊரை ஓட்டுவது எல்லோருக்கும் தெரியும். (அதே வரிசையில் வரும் "சாமி இல்லாத கோயில்" 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்ததோடு செல்லாமல் போனது. இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.) டம்ளரைக் காட்டி "இதான் பாலாறு" என்று ஊற்றுங்கள், விரியுங்கள், "காணோம். இதுல என்ன அதிசயம், நாம தினம் பாக்கிறதுதானே?" கைதட்டல் அடங்கும் முன் மறுபடி மடித்து, "2021 நவம்பர்ல வெள்ளமா வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று டம்ளரில் தண்ணீரைத் திருப்பி ஊற்றினால் அந்த அரங்கம் உங்களுடையது. இதே பேச்சை நோட்டை வைத்துப் பேசிப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

## கலர் பேப்பரும் டிஷ்யூவும்

வாயிலிருந்து வண்ணச் சுருளை இழுப்பது, நனைந்த டிஷ்யூவை விசிறியால் வீசிப் பனித்துகளாகப் பறக்கவிடுவது. கண்ணுக்கு இவ்வளவு அழகானது வேறில்லை, சின்னப் பிள்ளைகள் இதற்குத்தான் மயங்குவார்கள். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு வாயிலிருந்து எதை இழுத்தாலும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மலிவான கிரேப் பேப்பரில் எச்சில் பட்டால் சாயம் உதட்டில் இறங்கும். பனித்துகளுக்கு ஃபேன் தோழனா எதிரியா என்று கடைசி நிமிடம் வரை சொல்ல முடியாது. கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குத் தனியாக ஏதாவது கொடுத்துவிடுங்கள், அதையும் செலவில் சேருங்கள்.

பேப்பர் கப்பில் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் கொட்டாத வித்தையும் இந்த வகைதான். குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே நீர் உறிஞ்சும் தூள் கப்பின் அடியில் இருக்கும். வீடியோவில் பார்த்து அப்படியே செய்தவர்களுக்கு இங்கே காலை வாரும், காரணம் நம் போர்வெல் தண்ணீர். உப்பு கூடக் கூட அந்தத் தூள் உறிஞ்சும் அளவு சடாரென்று குறைந்துவிடும். கேன் தண்ணீரில் காட்டுங்கள், அதுவும் பாதிக் கப்புக்கு மேல் வேண்டாம்.

தீப்பிழம்பாகி மறையும் ஃபிளாஷ் பேப்பரைப் பள்ளியிலோ துணிப்பந்தலிலோ காட்டாதீர்கள். அது வெடிமருந்துக்கு உறவான நைட்ரோசெல்லுலோஸ்.

## அசல் ரூபாய் நோட்டு

இதன் பலம் ஒன்றே ஒன்று: காசு அடுத்தவருடையது. மாமாவின் ஐந்நூறு ரூபாய் உங்கள் கையில் இருக்கும்வரை மாமா கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார். இந்தக் கவனத்தை வேறு எந்தப் பொருளாலும் வாங்க முடியாது. ஆனால் அது மாமாவுக்கும் அவர் பக்கத்தில் இருக்கும் நாலைந்து பேருக்கும் மட்டும்தான். பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் நோட்டு ஒரு வண்ணப் புள்ளி.

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. "யார்கிட்டயாவது ஒரு நூறு ரூபா இருக்கா?" என்று கேட்டால், "ஜீபே பண்ணட்டாண்ணா?" என்கிறார்கள். ரிசப்ஷனில் பிழைத்தோம், மொய் எழுதுகிற மேசைப் பக்கம் நோட்டு இருக்கும். கல்லூரி விடுதியில் இல்லவே இல்லை.

நோட்டை மாற்றும் வித்தையை வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அளவு. டாலரில் 1, 20, 100 எல்லாம் ஒரே அளவு, சுமார் 66×156 மில்லிமீட்டர். நம் புது வரிசை நோட்டுகள் அப்படி இல்லை. 10 ரூபாய் 63×123, நூறு 66×142, ஐந்நூறு 66×150. நீளவாக்கில் நான்காகவும் அகலவாக்கில் இரண்டாகவும் மடித்துப் பாருங்கள். நூறு சுமார் 35.5 மில்லிமீட்டர் வரும், ஐந்நூறு 37.5. இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. பத்து ரூபாய் மடித்தால் 31-க்கும் குறைவு. பத்தை ஐந்நூறாக்க எல்லோருக்கும் ஆசை, ஆனால் மடித்த பொட்டலம் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் வளர்வதை முன்னால் இருக்கும் பொடியன் பிடித்துவிடுவான். நூறை ஐந்நூறாக்குங்கள், அல்லது ஊதா நூறை மஞ்சள் இருநூறாக்குங்கள். இருநூறு 66×146 தான், நிறமும் பளிச்சென்று மாறும். யாராவது பழைய நீல நூறை நீட்டினால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது 73×157, புது ஐந்நூறைவிடப் பெரியது.

நூறு ஐந்நூறாகிவிட்டது, கைதட்டினார்கள். அடுத்து நோட்டுக்காரர் கேட்பார்: "அப்ப ஐநூறு என்னுதுதானே?" சிரிப்புக்குத்தான் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். திரும்ப நூறாக்குவதையும் சேர்த்துப் பழகாமல் மேடையேறக் கூடாது.

இந்த வித்தைக்கு வேண்டிய பிளாஸ்டிக் கட்டைவிரல் உறையான தம்ப் டிப், கடையில் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோல் நிறத்தில் வருகிறது. நம் கைக்கு அது தூரத்திலிருந்தே கத்தும். ஃபவுண்டேஷனும் பெயின்டும் கலந்து நிறம் ஏற்ற வேண்டும், வியர்வையில் அது கரையும், மறுபடி ஏற்ற வேண்டும். மே மாதத்தில் உறையே வழுக்கும்.

கிழிப்பதா? அசல் நோட்டை வேண்டாம். வேண்டுமென்றே கிழித்தது, வெட்டியது என்று தெரிந்தால் ரிசர்வ் வங்கியின் நோட்டு மாற்று விதிகளின்படி அதற்குப் பணம் கிடைக்காது. பருத்தி நோட்டு என்பதால் பேப்பர்போல் 'சர்ர்' என்ற சத்தமும் வராது, நாடகத்துக்கும் உதவாது. ஸ்டேப்ளர், பசை எதுவும் படக்கூடாது.

கையெழுத்துப் போடச் சொல்வது பழைய வழக்கம். எழுதிய நோட்டு செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய், அரசியல் வாசகம் இல்லாதவரை செல்லும். ஆனாலும் நோட்டில் எழுதாதீர்கள் என்றுதான் ரிசர்வ் வங்கி கேட்டுக்கொள்கிறது. அதைவிட நல்ல வழி இருக்கிறது. நோட்டுக்காரரையே செல்போனில் எண்ணைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். புது நோட்டுகளில் எண் இடமிருந்து வலம் போகப்போகப் பெரிதாகும், கடைசி மூன்று இலக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் தடுமாறாமல் படிப்பார். படம் அவர் போனிலேயே இருப்பது கையெழுத்தைவிட வலுவான சாட்சி.

மறைந்த நோட்டு எலுமிச்சம்பழத்துக்குள் கிடைப்பது உலகப் பிரசித்தம். முறையை இங்கே உடைக்கப் போவதில்லை. நம் பக்கத்தில் அதில் ஒரு சிக்கல் உண்டு. மயானக் கொள்ளை, கங்கையம்மன் சிரசு என்று அம்மன் திருவிழாக்கள் நடக்கும் மண்ணில் எலுமிச்சம்பழம் வெறும் பழமில்லை. நீட்டினால் கையில் வாங்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெரியவர்கள். கல்யாண வீட்டில் பழத்தைக் கத்தியால் பிளந்தால் யாராவது ஒரு அத்தை எழுந்துபோவார். சாத்துக்குடி பரவாயில்லை. என் தேர்வு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள் கத்திரிக்காய். பெயரைச் சொன்னதும் சிரிப்பு வரும், முள் குத்துமோ என்று பிடிப்பவர் படும் பாடு அதைவிட வேடிக்கை, நோட்டு சாறில் ஊறாது. ஒன்றே ஒன்று, காயம் பட்ட இடம் சீக்கிரம் கருத்துப்போகும். காலையிலேயே தயார் செய்துவைத்தால் சாயங்காலம் காட்டிக்கொடுத்துவிடும்.

வெற்றுக் காகிதத்தை நோட்டாக அச்சடிக்கும் வித்தையைக் கிராமத்துத் திருவிழாவில் காட்டாதீர்கள் என்பது என் பிடிவாதம். நோட்டு இரட்டிப்பு, இரிடியம், அரிசியை இழுக்கும் அபூர்வக் கலசம் (ரைஸ் புல்லிங்) என்று ஏமாந்தவர்கள் கதை செய்தித்தாளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. நீங்கள் வேடிக்கைக்குக் காட்டுவதை ஒருவர் நம்பிவிட்டால், நாளை அவர் வேறொருவனிடம் சேமிப்பைக் கொடுப்பார்.

## விளையாட்டு நோட்டு

ஃபேன்ஸி கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் "சில்ரன் பேங்க்" நோட்டு. கிழிக்கலாம், எரிக்கலாம், பயமில்லை. ஒத்திகைக்கும், விசிறியாக விரித்துக் காட்டும் மேடை வித்தைக்கும் போதும். ஆனால் "கிட்டக் காட்டு" என்று ஒருவர் கேட்டால் முடிந்தது. நோட்டு போலி என்றதும், நீங்கள் காட்டிய மற்றதெல்லாம் போலி என்று கூட்டம் முடிவுகட்டிவிடும்.

வீட்டு பிரின்டரில் அசல் நோட்டைக் கலரில் அச்சடித்துக்கொள்ளும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். நோட்டைப் போன்ற தாளைத் தயாரித்தாலோ பயன்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 182-ஆவது பிரிவு வரும். அபராதம் 300 ரூபாய்தான். ஆனால் கள்ள நோட்டு என்று யாராவது நினைத்துவிட்டால் அது 300 ரூபாயோடு முடியாது. கடை விளையாட்டு நோட்டையும் அசலோடு ஒரே பர்சில் வைக்காதீர்கள். 2017-இல் டெல்லியில் ஏடிஎம் ஒன்றிலிருந்தே இந்த மாதிரி 2000 ரூபாய்த் தாள்கள் வந்து விழுந்தன.

பழைய 500, 1000 நோட்டை வித்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் எண்ணிப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2000 ரூபாயை வைத்துச் செய்த சாமான்களும் 2023 மே மாதத்தோடு அலமாரிக்குப் போயின. நோட்டு வித்தைக்காரரின் முதலீட்டை அரசாங்கம் ஒரு இரவில் பழசாக்கிவிடலாம். பேப்பர்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

## ஒரே பார்வையில்

| | நியூஸ்பேப்பர் | கலர் பேப்பர், டிஷ்யூ | அசல் நோட்டு | விளையாட்டு நோட்டு |
|---|---|---|---|---|
| எத்தனை பேருக்குத் தெரியும் | அரங்கம் முழுக்க | வகுப்பறை, சிறு மேடை | ஒரு மேசை | ஒரு வகுப்பு |
| பொருள் யாருடையது | உங்களுடையது, தேதி சாட்சி | உங்களுடையது | பார்வையாளருடையது | உங்களுடையது, போலி என்று தெரியும் |
| மறைமுகச் செலவு | தயாரிக்கும் நேரம், மை | குப்பை, சாயம் | தம்ப் டிப்புக்கு நிறம், திருப்பும் பழக்கம் | நம்பிக்கை |
| வெயில், ஃபேன் | ஃபேன் தொல்லை | ஃபேன் பெருந்தொல்லை | வியர்வை தொல்லை | தொல்லை குறைவு |
| சொதப்பினால் | சிரிப்பு | சிரிப்பு | கோபம் | "போலிதானே" |

## கேட்டவர்களுக்கு

ஆசிரியைக்கு நியூஸ்பேப்பர், வேறு யோசனையே வேண்டாம். பாலாற்று வித்தையில் ஆரம்பித்து மோபியஸ் பட்டையில் முடியுங்கள். மேடைக்குப் பக்கவாட்டில் ஃபேன் இருந்தால் அதன் பக்கம் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். காற்று பேப்பரை உங்கள் மேல் அழுத்தும், பின்பக்கம் வெளியே தெரியாது.

ரிசப்ஷன் மாணவருக்கு அசல் நோட்டு. ஆனால் மேடையில் வேண்டாம், அங்கே போட்டோகிராபர்தான் ராஜா. பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் மேசை மேசையாகப் போங்கள். மறைந்த நோட்டு, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவருக்குள்ளிருந்து வருவதாக முடித்தால் அந்த வீட்டில் ஒரு வருஷம் பேசுவார்கள். கவர் நீங்கள் கொண்டுவந்ததாக இருக்கட்டும், மொய் மேசையிலிருந்து ஒன்றையும் தொடாதீர்கள்.

ஆற்காட்டுக்காரருக்குப் பவுடர் போட்ட பேப்பர் பட்டை. வெட்டுப்பட்டது ஒன்றாகும் என்பதற்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்குக் கதை தேவையில்லை. சிறுவர்கள் கிட்டே வந்து நோண்டுவார்கள் என்பதால் விளையாட்டு நோட்டும் அசல் நோட்டும் இரண்டுமே அங்கே சரிப்படாது. விழுந்த துண்டுகளை மிதிக்கவிடாமல் உடனே பொறுக்கச் சொல்லுங்கள். பேப்பரில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள், வித்தை நடுவில் நின்றுவிடும்.

இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் வைக்கலாமா என்றும் அந்த மாணவர் கேட்டிருந்தார். வைக்கலாம். நோட்டு வித்தையை முதலில் முடித்து, நோட்டை உரியவர் கையில் கொடுத்து, அவர் அதைப் பையில் வைத்த பிறகு பேப்பரை எடுங்கள். காசு திரும்பி வரும்வரை அவர் பேப்பரைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் இருப்பவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.